மார்ச் 8-க்குப் பின்னால் ஓர் ஆசிரியை: கிளாரா ஜெட்கின்



மார்ச் மாதம் பிறந்துவிட்டால் போதும், கல்லூரிகளில் மகளிர் தினம் களைகட்டிவிடும். கோலப் போட்டி, மருதாணிப் போட்டி, அடுப்பில்லாச் சமையல், பட்டிமன்றம்... பட்டிமன்றத் தலைப்பும் அநேகமாக நமக்குத் தெரிந்ததுதான். குடும்பத்தின் மகிழ்ச்சிக்குக் காரணம் கணவனா, மனைவியா! இதிலெல்லாம் தப்பு ஒன்றும் கிடையாது. சிரித்துப் பேசி மகிழ ஒரு நாள் வேண்டாமா?

ஆனால் இந்த நாள் எங்கிருந்து வந்தது என்று கேட்டுப் பாருங்கள். ஐ.நா. சபை அறிவித்தது என்பார் ஒருவர். 1857 மார்ச் 8-ஆம் தேதி நியூயார்க்கில் தையல் தொழிலாளிப் பெண்கள் ஊர்வலம் போனார்கள், போலீஸ் அடித்து விரட்டியது, அதன் நினைவு என்பார் இன்னொருவர். முதல் பதில் பாதி உண்மை. இரண்டாவது, மேடைக்கு மேடை சொல்லப்பட்டு வந்த கதை. அப்படி ஒரு சம்பவத்துக்கு அந்தக் காலத்துப் பத்திரிகைகளில் சுவடே இல்லை என்றும், கதை தலைகாட்டியதே 1955-இல்தான் என்றும் பிரெஞ்சு ஆய்வாளர்கள் தேடிப் பார்த்துச் சொல்லிவிட்டார்கள்.

ஆனால் 1857-க்கும் இந்த நாளுக்கும் ஒரு சம்பந்தம் இருக்கத்தான் செய்கிறது. அந்த ஆண்டு ஜூலை 5-ஆம் தேதி ஜெர்மனியின் சாக்சனிப் பகுதியில் வீடராவ் என்ற சின்னக் கிராமத்தில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. கிளாரா ஐஸ்னர் என்று பெயர். பின்னாளில் உலகம் அறிந்த கிளாரா ஜெட்கின் அவர்தான். அவர் கதையைத் தெரிந்துகொண்டால் மார்ச் 8-இன் கதையும் தெரிந்துவிடும்.

வாத்தியார் வீட்டுப் பெண்

அப்பா காட்ஃபிரீட் ஐஸ்னர் கிராமப் பள்ளிக்கூட வாத்தியார். தேவாலயத்தில் ஆர்கன் வாசிப்பவரும் அவரே. அம்மா ஜோசஃபைன் நகரத்துப் பெண், நன்றாகப் படித்தவர். பெண்களும் படிக்கணும், வேலைக்குப் போகணும் என்று அன்றைக்கே பேசிக்கொண்டிருந்த மகளிர் சங்கங்களோடு தொடர்புள்ளவர். ஊரில் பெரும்பாலோர் ஏழை விவசாயிகளும் நெசவாளிகளும்தான். வறுமை என்றால் என்ன என்பதைக் கிளாரா புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, பக்கத்து வீட்டில் பார்த்தார்.

1872-இல் குடும்பம் லைப்சிக் நகரத்துக்குக் குடிபெயர்ந்தது. அங்கே அவருக்கு வாய்த்தவர் அகஸ்டே ஷ்மிட் என்ற ஆசிரியை. 1865-இல் ஜெர்மன் பெண்கள் பொதுச் சங்கத்தை லூயிஸ் ஓட்டோவுடன் சேர்ந்து தொடங்கியவர்களில் ஒருவர். பெண்களுக்கான ஆசிரியப் பயிற்சி நிறுவனத்தை அவர் நடத்திவந்தார். அந்தக் காலத்தில் ஜெர்மன் பல்கலைக்கழகங்களின் வாசலைப் பெண்கள் மிதிக்க முடியாது. படித்த பெண்ணுக்குத் திறந்திருந்த கதவு அநேகமாக டீச்சர் வேலை ஒன்றுதான். 1878-இல் கிளாரா பயிற்சியை முடித்துத் தேர்ச்சி பெற்றார். நல்ல மாணவி, நல்ல ஆசிரியை, நல்ல எதிர்காலம். எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

அதே 1878-இல் இரண்டு விஷயங்கள் நடந்தன. பிரதமர் பிஸ்மார்க் சோஷலிஸ்ட் கட்சியின் கூட்டங்களையும் பத்திரிகைகளையும் தடை செய்து ஒரு சட்டம் கொண்டுவந்தார். கிளாராவோ லைப்சிக்கிலிருந்த ரஷ்ய மாணவர்களின் வட்டத்தில் பழகி, ஒடெஸ்ஸாவைச் சேர்ந்த ஆஸிப் ஜெட்கின் என்ற இளைஞர் மூலம் அதே சோஷலிஸ்ட் இயக்கத்தின் பக்கம் வந்துவிட்டார். தாய்க்கும் வருத்தம், ஆசிரியைக்கும் வருத்தம். ஆஸிப்பைப் போலீஸ் நாடு கடத்தியது. கிளாரா ஆஸ்திரியா போய்ப் பணக்காரர் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தார். பிறகு சூரிச், அப்புறம் 1882-இல் பாரிஸ்.

பாரிஸில் பட்ட பாடு

பாரிஸில் இருவரும் சேர்ந்து வாழ்ந்தார்கள். முறைப்படி திருமணம் பதிவு செய்துகொள்ளவில்லை. காரணம் பாருங்கள், வெளிநாட்டுக்காரரை மணந்தால் ஜெர்மன் பெண் தன் குடியுரிமையை இழந்துவிடுவாள் என்பது அன்றைய சட்டம். ஆண் மணந்தால் அவனுக்கு ஒன்றும் ஆகாது! ஆகவே பெயரை மட்டும் ஜெட்கின் என்று மாற்றிக்கொண்டார். 1883-இல் மாக்ஸிம், 1885-இல் கோஸ்ட்யா என்று இரண்டு ஆண் பிள்ளைகள். மொழிபெயர்ப்பு, டியூஷன், பத்திரிகைக் கட்டுரை என்று கிடைத்த வேலையெல்லாம் செய்தும் வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் இழுபறிதான். அதற்கு மேல் ஆஸிப்புக்கு முதுகுத்தண்டில் நோய் வந்து படுத்த படுக்கையாகிவிட்டார். பிள்ளைகளைப் பார்த்து, நோயாளியைப் பார்த்து, இரவில் உட்கார்ந்து எழுதிப் பிழைத்தார் கிளாரா. 1889 ஜனவரியில் ஆஸிப் இறந்துபோனார்.

வயது 31. கையில் இரண்டு குழந்தைகள், சொந்த நாட்டில் தடைச் சட்டம். இன்னொருவராயிருந்தால் ஒடிந்துபோயிருப்பார். ஆனால் அதே ஆண்டு ஜூலையில், பிரெஞ்சுப் புரட்சியின் நூற்றாண்டை ஒட்டிப் பாரிஸில் கூடிய சர்வதேசத் தொழிலாளர் மாநாட்டில் அவர் மேடையேறினார். மே 1-ஆம் தேதி எட்டு மணி நேர வேலை கேட்டு உலகமெங்கும் ஊர்வலம் போவது என்று முடிவெடுத்த மாநாடு அது. கிளாரா பேசியது வேலைக்குப் போகும் பெண்களைப் பற்றி. பெண்கள் ஆலைக்கு வந்ததால் ஆண்களின் கூலி குறைகிறது, ஆகவே பெண்களை வீட்டுக்கு அனுப்புங்கள் என்று நினைத்த தோழர்கள் அந்த அரங்கத்திலேயே இருந்தார்கள். அவர்கள் முகத்துக்கு நேரே, சொந்தச் சம்பாத்தியம் இல்லாத பெண்ணுக்கு விடுதலை கிடையாது என்பதை எடுத்து வைத்தார். கட்சிக்காரர்களிடமே போராட வேண்டியிருந்த போராட்டம் அது!

பெண்களுக்குத் தனிப் பாதுகாப்புச் சட்டம் எதுவும் வேண்டாம், அது வேலையைப் பறிக்கவே உதவும் என்பது அன்று அவர் நிலை. ஆலைப் பெண்களோடு நெருங்கிப் பழகிய பிறகு, பேறுகாலப் பாதுகாப்பும் இரவு வேலைக்குக் கட்டுப்பாடும் அவசியம் என்று சில ஆண்டுகளிலேயே தன் நிலையை மாற்றிக்கொண்டார். பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று அவர் நிற்கவில்லை.

பெண்கள், பள்ளிப் பிள்ளைகள், எடுபிடிகள்

1890-இல் தடைச் சட்டம் காலாவதியானது. கிளாரா பிள்ளைகளோடு நாடு திரும்பி ஸ்டட்கார்ட் நகரில் குடியேறினார். 1892 முதல் 'சமத்துவம்' என்று பொருள்படும் பெயருடைய மாதம் இருமுறைப் பத்திரிகைக்கு ஆசிரியரானார். 25 ஆண்டு அந்த நாற்காலியில் இருந்தார்.

அந்தக் காலத்துச் சட்டத்தைக் கேட்டால் சிரிப்பதா அழுவதா என்று தெரியாது. ஜெர்மனியின் மிகப் பெரிய மாநிலமான பிரஷ்யாவில், அரசியல் சங்கங்களில் சேரக்கூடாதவர்கள் என்று 1850-ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு பட்டியல் போட்டிருந்தது. பெண்கள், பள்ளி மாணவர்கள், தொழில் பழகும் எடுபிடிப் பையன்கள்! பையன் வளர்ந்தால் பட்டியலிலிருந்து வெளியே வந்துவிடலாம். பெண்ணுக்கு அந்த வழியும் இல்லை. 1908-இல்தான் இந்தத் தடை நீங்கியது.

அதுவரை சும்மா இருந்தார்களா? இல்லை. சங்கம் வைத்தால்தானே குற்றம்? ஊருக்கு ஒரு பெண்ணைப் பொதுக்கூட்டத்தில் நம்பிக்கைக்குரியவர் என்று தேர்ந்தெடுத்தார்கள். அவர் தனி ஆள், சங்கம் கிடையாது. பத்திரிகை விநியோகம், சந்தா, கூட்டம் எல்லாவற்றையும் அந்தத் தனி ஆளே பார்த்துக்கொண்டார். 1901-இல் இப்படி 25 பேர் இருந்தார்கள், 1908-இல் 407 பேர். தடை நீங்கிய பிறகு 1914-இல் கட்சியில் பெண் உறுப்பினர்கள் ஏறத்தாழ 1,75,000. 'சமத்துவம்' அந்த ஆண்டில் சுமார் 1,25,000 பிரதிகள் போயிற்று. தாய்மாருக்கும் குழந்தைகளுக்கும் தனி இணைப்புகள் வேறு.

இங்கே ஒரு வருத்தமான விஷயத்தையும் சொல்லியாகணும். 1894-இல் ஜெர்மன் மகளிர் சங்கங்கள் எல்லாம் சேர்ந்து ஒரு கூட்டமைப்பை உருவாக்கின. அதன் முதல் தலைவி, கிளாராவின் ஆசிரியை அகஸ்டே ஷ்மிட்தான். ஆனால் தொழிலாளிப் பெண்களின் சோஷலிஸ்ட் சங்கங்களை அதில் சேர்த்துக்கொள்ளவில்லை. கிளாராவும் விட்டுக்கொடுப்பவர் இல்லை. வசதியான வீட்டுப் பெண்களோடு கூட்டுச் சேர்வதே கூடாது என்று கடைசிவரை உறுதியாக நின்றார். பாடம் சொன்னவர் ஒரு கரையில், பாடம் கேட்டவர் மறு கரையில். இரு தரப்பும் கொஞ்சம் இறங்கி வந்திருந்தால் இன்னும் சீக்கிரம் பலன் கிடைத்திருக்குமோ என்று இன்று நமக்குத் தோன்றலாம். எது எப்படியோ, பெண் படிக்கணும், சொந்தக் காலில் நிற்கணும் என்ற முதல் பாடம் அந்த லைப்சிக் வகுப்பறையில் கற்றதுதான்.

தேதி இல்லாத தீர்மானம்

1907-இல் ஸ்டட்கார்ட்டில் முதல் சர்வதேச சோஷலிஸ்ட் பெண்கள் மாநாடு நடந்தது. 15 நாடுகளிலிருந்து 58 பேர் வந்தார்கள். கிளாரா செயலாளர் ஆனார். சொத்து உள்ள பெண்களுக்கு மட்டும் ஓட்டு என்ற அரைகுறைத் திட்டத்துக்கு மாநாடு சம்மதிக்கவில்லை. எல்லாப் பெண்களுக்கும் ஓட்டு வேணும் என்றது. உலகத்தில் அன்று நாடு முழுவதும் பெண்கள் ஓட்டுப் போட்ட இடங்கள் நியூசிலாந்து, ஆஸ்திரேலியா, பின்லாந்து என்று விரல்விட்டு எண்ணிவிடலாம்.

1910 ஆகஸ்ட் 26, 27 தேதிகளில் இரண்டாவது மாநாடு. இடம் டென்மார்க் தலைநகர் கோபன்ஹேகனில் தொழிலாளர்கள் தங்களுக்கென்று கட்டிக்கொண்ட மக்கள் இல்லம். 17 நாடுகளிலிருந்து நூற்றுக்கும் மேற்பட்ட பெண்கள் கூடியிருந்தார்கள். அமெரிக்க சோஷலிஸ்டுகள் அதற்கு முந்தைய ஆண்டு, 1909 பிப்ரவரி 28 அன்று, தங்கள் நாட்டில் ஒரு மகளிர் தினம் நடத்தியிருந்தார்கள். அந்தப் பொறியை எடுத்து, எல்லா நாட்டுப் பெண்களும் ஆண்டுதோறும் ஒரு மகளிர் தினம் நடத்த வேண்டும், முதன்மைக் கோரிக்கை வாக்குரிமை என்று கிளாராவும் கேட்டே டுங்கரும் மற்றத் தோழியரும் சேர்ந்து தீர்மானம் கொண்டுவந்தார்கள். நிறைவேறியது. அதில் தேதி எதுவும் குறிப்பிடப்படவில்லை! நாள் எதுவானாலும் சரி, கேட்பதுதான் முக்கியம் என்பதுபோல.

முதல் மகளிர் தினம் 1911 மார்ச் 19. ஆம், 8 அல்ல, 19! 1848-இல் பெர்லின் மக்கள் எழுச்சிக்கு முன்னால் பிரஷ்ய மன்னர் பணிந்த நாளின் நினைவாக அந்தத் தேதி. ஜெர்மனி, ஆஸ்திரியா, டென்மார்க், சுவிட்சர்லாந்து ஆகிய 4 நாடுகளில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் திரண்டார்கள். அன்றைக்கு மனைவிமார் கூட்டத்துக்குப் போக, கணவன்மார் வீட்டில் இருந்து பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டார்கள் என்று ரஷ்யத் தோழி அலெக்சாண்டிரா கொல்லந்தாய் பின்னாளில் எழுதி வைத்திருக்கிறார். அதற்கு 6 நாள் கழித்து, மார்ச் 25 அன்று, நியூயார்க்கில் டிரையாங்கிள் தையல் ஆலை தீப்பிடித்து எரிந்து 146 பேர் மாண்டார்கள். பெரும்பாலோர் இளம் பெண்கள். மாடிக் கதவு பூட்டியிருந்தது. மகளிர் தினம் எதற்காக என்று உலகத்துக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

மார்ச் 8 எப்படி வந்தது? 1917-இல் ரஷ்யாவின் பெட்ரோகிராடு நகரில் மகளிர் தினத்தன்று நெசவாலைப் பெண்கள் ரொட்டி கேட்டுத் தெருவில் இறங்கினார்கள். பொறுங்கள், அவசரப்படாதீர்கள் என்று கட்சிக்காரர்களே சொல்லிப் பார்த்தார்கள். கேட்கவில்லை. ரஷ்யப் பழைய நாட்காட்டிப்படி அன்று பிப்ரவரி 23, நம் நாட்காட்டிப்படி மார்ச் 8. சரியாக ஒரு வாரத்தில் ஜார் மன்னர் முடிதுறந்தார். அதன் நினைவாக 1921-இல் மாஸ்கோவில் கூடிய கம்யூனிஸ்ட் பெண்கள் மாநாடு மார்ச் 8-ஐ நிரந்தரமாக்கியது.

போர் வேண்டாம் என்ற குரல்

1914-இல் முதல் உலகப்போர் வந்தது. கிளாராவின் சொந்தக் கட்சியே நாடாளுமன்றத்தில் போர்ச் செலவுக்குக் கை தூக்கிவிட்டது. அவரும் உற்ற தோழி ரோசா லக்சம்பர்க்கும் இன்னும் சிலரும் எதிர்த்து நின்றார்கள். 1915 மார்ச்சில் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில், போரிடும் நாடுகளின் பெண்களையே ஒரே அறையில் உட்கார வைத்து, போரை நிறுத்தச் சொல்லித் தீர்மானம் போட்டார். திரும்பி வந்ததும் அந்த ஆண்டே சிறை. உடல்நிலை மோசமானதால் வெளியே விட்டார்கள். 1917-இல் பத்திரிகை ஆசிரியர் பதவியிலிருந்தும் கட்சித் தலைமை அவரை நீக்கியது. கால் நூற்றாண்டு தன் கையால் வளர்த்த பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டதுபோல.

1918 நவம்பரில் ஜெர்மன் பெண்களுக்கு வாக்குரிமை கிடைத்தது. 1919 ஜனவரி 19-இல் முதல் முறையாக ஓட்டுப் போட்டார்கள். அந்த மகிழ்ச்சியைக் கிளாரா முழுதாக அனுபவிக்க முடியவில்லை. நான்கே நாள் முன்னால், ஜனவரி 15 அன்று, ரோசா லக்சம்பர்க் பெர்லினில் கொலை செய்யப்பட்டிருந்தார்.

பிறகு கிளாரா கம்யூனிஸ்ட் கட்சியில் சேர்ந்து 1920 முதல் 1933 வரை ஜெர்மன் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தார். ஆண்டின் பெரும்பகுதியைச் சோவியத் நாட்டில் கழித்தார். பாசிசத்தை எதிர்க்க எல்லாத் தொழிலாளர்களும் ஒன்றுசேர வேண்டும் என்ற அவர் கருத்தைக் கடைசிக் காலத்தில் அவர் கட்சியே ஏற்கவில்லை. ஆனாலும் அவர் கட்சியை விட்டுப் போகவில்லை. அதை விசுவாசம் என்பார் சிலர், பிடிவாதம் என்பார் சிலர்.

1932 ஆகஸ்ட் 30. நாடாளுமன்றத்தின் முதல் கூட்டத்தை வயதில் மூத்த உறுப்பினர் தொடங்கி வைப்பது அன்று அங்கே மரபாக இருந்தது. மூத்தவர் 75 வயதுக் கிளாரா. கண்பார்வை ஏறக்குறைய போய்விட்டது, நடக்க இரண்டு பேர் தாங்கணும். எதிரே 230 நாஜி உறுப்பினர்கள், சீருடையில். வரவே கூடாது என்று மிரட்டல்கள் வந்திருந்தன. மாஸ்கோவிலிருந்து புறப்பட்டு வந்தார், நாற்காலியில் உட்கார்ந்தார், பாசிசத்தைத் தடுக்க ஒன்றுபடுங்கள் என்று முழுப் பேச்சையும் பேசி முடித்தார். அப்புறம் மரபுப்படி தலைவர் தேர்தலை நடத்தினார். தேர்ந்தெடுக்கப்பட்டவர் யார் தெரியுமா? ஹிட்லரின் வலது கை கோரிங்! அவரிடம்தான் நாற்காலியை ஒப்படைக்க வேண்டியிருந்தது. ஐந்தே மாதத்தில் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். 1933 ஜூன் 20 அன்று மாஸ்கோவுக்கு அருகே கிளாரா காலமானார். கிரெம்ளின் மதிலில் அவர் அஸ்தி வைக்கப்பட்டது.

கேட்பதற்கு ஒரு நாள்

பிறகு கிழக்கு ஜெர்மனி 10 மார்க் நோட்டில் அவர் படத்தைப் போட்டது. இரு ஜெர்மனிகளும் இணைந்தபின், 1995-இல், பெர்லின் நாடாளுமன்றக் கட்டடத்துக்குப் பின்னாலிருந்த கிளாரா ஜெட்கின் வீதியின் பெயரை மாற்றிவிட்டார்கள். கோபன்ஹேகன் மக்கள் இல்லமும் 2007 மார்ச்சில் இடிக்கப்பட்டது. நோட்டும் போச்சு, வீதிப் பெயரும் போச்சு, கட்டடமும் போச்சு. நாள் மட்டும் நிற்கிறது. 1975-ஐச் சர்வதேசப் பெண்கள் ஆண்டாகக் கொண்டாடிய ஐ.நா. சபை, 1977-இல் பெண்கள் உரிமைக்கும் உலக அமைதிக்குமான நாள் ஒன்றை எல்லா நாடுகளும் கடைப்பிடிக்கச் சொன்னது. அமெரிக்காவில் 1978-இல் கலிபோர்னியாவின் சொனோமா மாவட்டத்துப் பள்ளிகள் மார்ச் 8 வரும் வாரத்தைப் பெண்கள் வரலாற்று வாரம் ஆக்கின. 1987-இல் அது மாதமாக வளர்ந்தது. 2019 முதல் பெர்லின் மாநிலத்தில் மார்ச் 8 பொது விடுமுறை.

அப்படியானால் கேட்டதெல்லாம் கிடைத்துவிட்டதா? 1911-இல் முதன்முதலாகக் கேட்ட அந்த 4 நாடுகளைப் பாருங்கள். டென்மார்க் 1915-இல் வாக்குரிமை தந்தது. ஆஸ்திரியாவும் ஜெர்மனியும் 1918-இல். சுவிட்சர்லாந்து எப்போது தெரியுமா? 1971-இல்! 60 ஆண்டுகள். அந்த முதல் ஊர்வலத்தில் போன சுவிஸ் பெண்களில் எத்தனை பேர் ஓட்டுச் சீட்டைக் கண்ணால் பார்த்திருப்பார்கள்? தங்களுக்குக் கிடைக்காது என்று தெரிந்தே பேத்திகளுக்காகக் கேட்டவர்கள் அவர்களில் பலர். மகளிர் தினம் யாரோ மனமிரங்கிக் கொடுத்த பரிசல்ல. கேட்பதற்கென்று பெண்களே வகுத்துக்கொண்ட நாள். வாழ்த்துச் சொல்லி ரோஜாப்பூ கொடுத்து அனுப்பிவிட்டால், கேட்க வந்தவர் கேட்காமலே வீடு திரும்பியதுபோல் ஆகிவிடும்.

ஆகவே, தம்பி தங்கையரே, கோலப் போட்டி நடக்கட்டும். கூடவே ஒரு அரை மணி நேரம் கேள்விக்கும் ஒதுக்குங்கள். விடுதியில், ஆய்வகத்தில், பேருந்தில், வேலைக்கான நேர்முகத்தில் உங்களுக்கு எது நியாயமில்லை என்று படுகிறதோ, அதை எழுதிக் கேளுங்கள். தம்பிமாரும் கூட நில்லுங்கள், 1911-இல் பிள்ளையைப் பார்த்துக்கொண்ட அந்தக் கணவன்மார் மாதிரி.

முன்னாள் மாணவர்களாகிய நமக்கும் ஒரு வேலை இருக்கிறது. நம் கல்லூரியில் முதன்முதலில் சேர்ந்த பெண்கள் யார், முதல் பேராசிரியை யார், இத்தனை காலம் வகுப்பறைகளைப் பெருக்கிய ஆயாக்கள் யார் யார்? பழைய சேர்க்கைப் பதிவேடுகளையும், வகுப்புக் குழுப் படங்களையும் தேடி, வயதான அக்காமார் நம்மோடு இருக்கும்போதே கேட்டு எழுதி வைத்துவிடலாம். அடுத்த சந்திப்பு மலரில் அந்தப் பட்டியலுக்கு நாலு பக்கம் ஒதுக்கும்படி மலர்க் குழுவினரை இப்போதே கேட்டுக்கொள்கிறேன். ஒரு வாத்தியார் வீட்டுப் பெண் தேதிகூடக் குறிக்காமல் தொடங்கிவைத்த நாளுக்கு நாம் செய்யக்கூடிய மரியாதை இதைவிட வேறென்ன இருக்க முடியும்?